காசெல், 27 செப்டம்பர் 1944: 35 விமானங்களில் 25 திரும்பாத ஒரு காலை

ஐரோப்பிய வானில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் விழுந்ததைப் பற்றிப் பேசினால், எல்லோரும் முதலில் 1943 அக்டோபர் 14-ஆம் தேதி ஷ்வைன்ஃபுர்ட் தாக்குதலைத்தான் சொல்வார்கள். அன்று கிளம்பிய 291 பி-17 விமானங்களில் 60 திரும்பவில்லை. அந்த இழப்பைப் பல குழுக்கள் பகிர்ந்துகொண்டன. இங்கே நான் எழுதுவது ஒரே குழுவுக்கு நேர்ந்ததை. அமெரிக்காவின் 8-வது விமானப்படையைச் சேர்ந்த 445-வது குண்டுவீச்சுக் குழு, 1944 செப்டம்பர் 27 அன்று காசெல் நகரைத் தாக்கப் போய், 35 விமானங்களில் 25-ஐ ஜெர்மானிய மண்ணில் பறிகொடுத்தது. 8-வது விமானப்படையில் ஒரு குழு ஒரே பயணத்தில் கண்ட மிகப் பெரிய இழப்பு இதுதான்.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இழப்பின் தொடக்கம் எதிரியிடம் இல்லை, ஒரு திருப்பத்தில் இருந்தது. அந்தத் திருப்பம் தவறு என்று அணியில் பலருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் திருத்த முடியவில்லை, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை எழுதவில்லை. யார் என்ன பொறுப்பில் இருந்தார்கள் என்பது மட்டும் போதும்.

பின்னணி

445-வது குழு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் டிபன்ஹாம் விமானத்தளத்தில் இருந்தது. ஓட்டியது நான்கு எஞ்சின் பி-24 லிபரேட்டர். சாதாரண விமானத்தில் ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். அணியை நடத்தும் முன்னணி விமானத்தில் ரேடார் இயக்குபவர், வழியைக் கணக்கிடும் நேவிகேட்டர் கூடுதலாக ஒருவர், குழுவுக்கே கட்டளையிடும் அதிகாரி என்று இன்னும் சிலர் ஏறுவார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். 1943-இல் 25 பயணம் முடித்தால் ஊர் திரும்பலாம் என்றிருந்தது, 1944 நடுவில் 35 ஆக்கப்பட்டது.

இந்தக் குழுவுக்குப் பழைய காயம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் காசெலைப் பேச முடியாது. 1944 பிப்ரவரி 24 அன்று கோத்தா நகரின் விமானத் தொழிற்சாலையைத் தாக்கப் போனார்கள். படைக்கு வழிகாட்டிய வேறொரு குழுவின் முன்னணி விமானத்தில் நேவிகேட்டருக்கு ஆக்ஸிஜன் கோளாறு வர, குண்டுகள் தவறாக ஐசனாக் நகரில் போடப்பட்டன. 445-வது குழு தவறைக் கண்டுகொண்டு, வழிகாட்டியை விட்டுப் பிரிந்து கோத்தாவுக்கே போய்க் குண்டு போட்டது. 25 விமானங்களில் 13 போயின. பாராட்டுப் பட்டயம் கிடைத்தது. ஆக, தலைமை தவறினால் பிரிந்துபோகலாம் என்பதற்கும், பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தத் தளத்தில் ஏற்கெனவே ஒரு முன்னுதாரணம் இருந்தது.

செப்டம்பர் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. பிரான்ஸ் பெருமளவு விடுவிக்கப்பட்டுவிட்டது. பி-51 மஸ்டாங் விமானங்கள் ஜெர்மனியின் உள்பகுதி வரை காவலுக்கு வந்தன. பல நாள் எதிரி சண்டை விமானம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினார்கள். ஆனால் ஜெர்மானியர்கள் வேறொரு முறையைத் தயார் செய்திருந்தார்கள். அதற்கென்று அமைத்த தாக்குதல் பிரிவுக்குப் பெயர் ஸ்டுர்ம்குருப்பெ. ஃபோக்க வுல்ஃப் 190 விமானத்தில் விமானியைச் சுற்றிக் கனத்த கவசம், இறக்கைகளில் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். இந்தக் குண்டு நாலைந்து பட்டாலே நான்கு எஞ்சின் விமானம் கீழே வரும். பக்கம் பக்கமாக ஒரே வரிசையில், பின்னாலிருந்து வெகு அருகே வந்து சுடுவார்கள். கவசத்தின் கனத்தால் மஸ்டாங் முன்னால் இவர்கள் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் காவல் இல்லாத குழுவைத் தேடிப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. ஜூலை 7 அன்று 492-வது குழு இப்படித்தான் பத்துக்கும் மேற்பட்ட பி-24-களை இழந்தது.

அன்றைய பயணம்

இலக்கு காசெலில் இருந்த ஹென்ஷல் ஆலை. ரயில் எஞ்சினுக்குப் பேர்போன நிறுவனம், போரில் டைகர் டாங்கிகளைச் செய்தது. 8-வது விமானப்படையின் 2-வது பிரிவைச் சேர்ந்த ஏறக்குறைய 300 பி-24-கள் அன்று அங்கே அனுப்பப்பட்டன. டிபன்ஹாமிலிருந்து 39 கிளம்பின, சில வழியிலேயே திரும்பின, 35 ஜெர்மனிக்குள் போயின.

கீழே தரையே தெரியாத மேகம். எனவே ரேடாரை வைத்துக் குண்டுவீச்சு. இந்த முறையில் எல்லாப் பாரமும் முன்னணி விமானத்தின் மேல் விழும். தாக்குதல் தொடங்கும் புள்ளி என்று வரைபடத்தில் ஓர் இடம் குறித்திருப்பார்கள். அங்கே திரும்பி, இலக்கு வரை சில நிமிடம் நேர்கோட்டில் பறக்க வேண்டும். முன்னணி விமானம் குண்டை விடும்போது மற்றவர்களும் விடுவார்கள். மற்ற விமானங்களில் பெரும்பாலானவற்றில் ரேடார் இல்லை என்பதால் அவர்கள் தனியாகக் குறி பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கவனிக்கப்பட்டது என்ன

தொடக்கப் புள்ளியில் 445-வது குழு திரும்ப வேண்டிய அளவு திரும்பவில்லை. தென்கிழக்கே போக வேண்டியவர்கள் நேர் கிழக்கே போனார்கள். காசெல் வலப்புறம் விலகிக்கொண்டே போனது.

இதை ஒருவர் இருவர் அல்ல, அணியில் இருந்த நேவிகேட்டர்களில் பெரும்பாலோர் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பறந்த திசை, வேகம், நேரம் மூன்றையும் வைத்து இருப்பிடத்தைக் கணக்கிடுவது அவர்கள் அன்றாட வேலை. போதாததற்கு இங்கிலாந்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கொண்டு இடத்தைக் காட்டும் ஜீ கருவியும் இருந்தது. அவர்கள் தங்கள் விமானிகளுக்கு உள்தொடர்பில் சொன்னார்கள். சில விமானிகள் ரேடியோ மௌனத்தை உடைத்து முன்னணிக்கே சொன்னார்கள். சேர்ந்தே இருங்கள், அணி நெருக்கமாக இருக்கட்டும் என்பதே பதிலாக வந்தது.

பயணம் முழுக்க இதுதான் என்னை அதிகம் பாதிக்கிற இடம். இத்தனை நேவிகேட்டர்கள் சரியான விடையைக் கையில் வைத்திருந்தார்கள். அந்த விடை முடிவெடுப்பவரிடம் போய்ச் சேர்ந்தும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் மாறவில்லை.

குழு காசெலைத் தவறவிட்டு, அதற்கு வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோட்டிங்கன் பக்கம் குண்டுகளைப் போட்டது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் நியாயமும்

முதல் முடிவு, சேர்ந்தே இருப்பது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னணியைக் குறை சொல்வது நியாயமில்லை. பி-24-இன் பாதுகாப்பே கூட்டம்தான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்துத் துப்பாக்கிகள். 35 விமானம் நெருங்கிப் பறந்தால் சுடும் திசைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எதிரிக்கு நெருங்கவே கடினமாகும். பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் போனால் இரண்டு பாதியும் பலவீனம். மேகத்துக்கு மேலே, நூற்றுக்கணக்கான விமானங்கள் நடுவில், இஷ்டத்துக்குத் திரும்பினால் மோதலும் நடக்கும். பயிற்சியில் எல்லோருக்கும் ஊட்டப்பட்ட பாடம் தலைமையை விடாதே என்பது. கோத்தாவில் பிரிந்து போய் 13 விமானத்தை இழந்த குழு இது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது முடிவு குண்டு போட்ட பிறகு எடுத்தது. என் பார்வையில் ஆட்களைக் கொன்றது இதுதான். திட்டப்படி, தாக்கிய பிறகு கொஞ்ச தூரம் போய், தெற்கே திரும்பி, அப்புறம் மேற்கே வீடு நோக்கிப் போக வேண்டும். காசெலில் இருந்து கிளம்பிய மற்றக் குழுக்கள் அப்படியே போயின, காவல் விமானங்களும் அவர்களோடு போயின. 445-வது குழுவும் அதே வடிவத்தில்தான் திரும்பியது. ஆனால் கோட்டிங்கனிலிருந்து அதே வடிவத்தைப் போட்டால் பாதை முழுக்கக் கிழக்கே தள்ளிப்போகும், நேரமும் பின்தங்கும். அவர்கள் தெற்கே இறங்கி ஐசனாக் பக்கம் வந்தபோது, பிரதான படை வெகு தூரம் முன்னால் போய்விட்டது. காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை. குண்டு இறங்கிய கையோடு நேர் மேற்கே வெட்டியிருந்தால் படையின் வாலையாவது பிடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்க ஆள் இல்லை. குழுவுக்குக் கட்டளையிட்ட அதிகாரியும் முன்னணி விமானத்தை ஓட்டியவரும் அடுத்த சில நிமிடங்களில் இறந்துவிட்டார்கள்.

தாக்குதல்

காலை பத்து மணி சுமாருக்கு, ஐசனாக், பாட் ஹெர்ஸ்ஃபெல்ட் பகுதிக்கு மேலே, பின்னாலிருந்து ஃபோக்க வுல்ஃப்கள் வந்தன. 3, 4, 300 எண்களைக் கொண்ட சண்டை விமானப் பிரிவுகளின் ஸ்டுர்ம்குருப்பெகளும் அவற்றுக்கு மேலே காவலாக மற்றவையும். மொத்தம் நூறுக்கும் மேல். அலை அலையாக, பத்துப் பதினைந்து விமானம் ஒரு வரிசையில்.

முதலில் அடிபட்டது பின்வரிசை. வாலில் இருக்கும் துப்பாக்கி வீரர் தான் பார்த்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவரே இல்லை என்ற கதைதான் பல விமானங்களில். பி-24-இன் எரிபொருள் தொட்டிகள் உடலின் மேலே, இறக்கையின் நடுப்பகுதியில் இருக்கும், அதற்கு நேர் கீழே குண்டு அறை. தொட்டி ஓட்டையானால் பெட்ரோல் அங்கேதான் வடியும். தீப் பிடித்தால் அது விமானத்தின் உள்ளே நடுவில் சுவர்போல நின்றுவிடும், அதாவது முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருவரை ஒருவர் அணுகவே முடியாது. சில நிமிடங்களில் 25 விமானம். மேகத்தின் மேல் பாராசூட்டுகளும் உடைந்த துண்டுகளும் கலந்து மிதந்ததைத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ரேடியோவில் உதவிக் குரல் கேட்டு 361-வது சண்டை விமானக் குழுவின் மஸ்டாங்குகள் விரைந்து வந்தன. அவர்கள் வந்திராவிட்டால் ஒரு விமானமும் மிஞ்சியிருக்காது என்பது தப்பியவர்கள் பலரின் கணிப்பு. அந்தக் குழுவின் விமானி ஒருவர் அந்த ஒரு சண்டையிலேயே ஐந்து ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தினார். ஒரு மஸ்டாங் விமானி இறந்தார். ஜெர்மானியத் தரப்பில் 18 விமானிகள் உயிரிழந்தார்கள்.

எஞ்சிய பத்தில் இரண்டு பிரான்சில் விழுந்தன, ஒன்று பெல்ஜியத்தில், ஒன்று இங்கிலாந்தில் சொந்தத் தளத்தை நெருங்கும்போது. இரண்டு மேன்ஸ்டன் தளத்தில் அவசரமாக இறங்கின. டிபன்ஹாமுக்கு வந்து சேர்ந்தவை நான்கு. ஓடுபாதை அருகே காத்திருந்த தரைப் பணியாளர்கள் மற்ற விமானங்கள் வேறு தளத்தில் இறங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆனது

117 பேர் இறந்தார்கள். 121 பேர் சிறைப்பட்டார்கள். ஏறக்குறைய சரிபாதி. ஒரே விமானத்தில் இருந்தவர்களிலேயே சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. அதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்.

உட்கார்ந்த இடம் முதலாவது. பின்னாலிருந்து வரும் தாக்குதலில் வால் துப்பாக்கி வீரருக்கும் இடுப்புப் பகுதியில் நின்றவர்களுக்கும் முதல் அடி. முன்னால் இருந்தவர்களுக்குச் சில விநாடி கூடுதலாகக் கிடைத்தது. விமானி கடைசி வரை கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் குதிக்க முடியும். அவர் கையை எடுத்தால் விமானம் சுழலும். சுழன்றால் உள்ளே இருப்பவரை விசை சுவரோடு அழுத்திவிடும், வெளியேறும் துளை கை எட்டும் தூரத்தில் இருந்தாலும் போக முடியாது.

பாராசூட் இரண்டாவது. துப்பாக்கி வீரர்கள் பலர் நெஞ்சில் மாட்டும் வகையைப் பயன்படுத்தினார்கள். உடலில் வார்ப்பட்டை மட்டும் இருக்கும். பொதியைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், தேவைப்படும்போது இரண்டு கொக்கிகளில் மாட்ட வேண்டும். சுழல் துப்பாக்கிக் கூண்டின் நெருக்கடியில் அதை மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. தீயும் புகையும் இருக்கும்போது, விமானம் சாய்ந்து பொதி எங்கோ உருண்டு போயிருந்தால், அவ்வளவுதான். குண்டு அறையின் நடுவே போகும் நடைபாதையோ ஓர் அடி அகலம்கூட இல்லை. பாராசூட் மாட்டிய ஆள் அதில் பக்கவாட்டில்தான் நகர முடியும்.

உயரம் மூன்றாவது. ஆறு கிலோமீட்டருக்கும் மேலே, ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிய ஆளுக்குத் தெளிவான நினைவு சில நிமிடம்தான். அதற்குள் வெளியேற வேண்டும். வெளியே வந்ததும் பாராசூட்டை உடனே விரிக்காமல் கீழே விழவும் வேண்டும். மேலேயே விரித்தால் குளிரும் மூச்சுத் திணறலும், மேலே இருந்து விழும் எரியும் துண்டுகளும்.

தரையில் இறங்கிய பிறகு, யார் கண்ணில் முதலில் படுகிறார்கள் என்பது. இதை நான் மற்ற மூன்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதில் விதியைவிட மனிதர்களுக்குத்தான் அதிகப் பங்கு. சிலரைக் கிராமத்து மக்கள் வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப்போட்டு, காவலரிடம் ஒப்படைத்தார்கள். சிலரை அடித்தார்கள். நென்டெர்ஸ்ஹவுசன் பக்கம் பிடிபட்ட சிலரை, கையில் ஆயுதம் இல்லாத கைதிகளை, சுட்டுக் கொன்றார்கள். இது திடீர்க் கோபத்தின் விளைவு மட்டும் அல்ல. அந்த ஆண்டு மே மாத இறுதியில் நாஜிக் கட்சியின் தலைமை அலுவலகத்தை நடத்திய போர்மான் அனுப்பிய சுற்றறிக்கை, இறங்கும் விமானிகளை அடித்துக் கொல்லும் பொதுமக்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதைக் கட்சி அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன், ஆகஸ்ட் 26 அன்று, ருஸ்ஸெல்ஸ்ஹைம் நகரத் தெருவில் இன்னொரு பி-24 விமானத்தில் இருந்தவர்களில் ஆறு பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். மேலே இருந்து குண்டு விழுந்து வீடு இழந்தவர்களின் ஆத்திரம் புரிகிறது. அந்த ஆத்திரத்துக்கு அரசே அனுமதி கொடுத்ததுதான் குற்றம். நென்டெர்ஸ்ஹவுசன் கொலைகளுக்குப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது.

உயிரோடு பிடிபட்டவர்கள் ஃபிராங்க்ஃபுர்ட் அருகே ஓபருர்செல் விசாரணை முகாமுக்குப் போனார்கள். தனியறை, கேள்விகள், அப்புறம் நிரந்தர முகாம். அதிகாரிகளுக்கு பார்த், சாகன் போன்ற இடங்கள், சார்ஜென்ட்களில் பலருக்குக் கிழக்கே குரோஸ் டிஷோவ். 1945 தொடக்கத்தில் சோவியத் படை நெருங்கியபோது சாகன், குரோஸ் டிஷோவ் முகாம்களில் இருந்தவர்களைப் பனியில் மேற்கே நடத்திக் கொண்டுபோனார்கள். குரோஸ் டிஷோவில் இருந்து பிப்ரவரி 6 அன்று கிளம்பிய கைதிகளில் பலர் ஏறக்குறைய மூன்று மாதம் நடந்தார்கள். வானத்தில் பிழைத்தவருக்குத் துன்பம் செப்டம்பரோடு முடிந்துவிடவில்லை.

அடுத்த நாட்களும் ஆண்டுகளும்

செப்டம்பர் 28 அன்று 445-வது குழு பத்து விமானங்களை அனுப்பியது. இலக்கு மறுபடியும் காசெல். முந்தின நாள் போய்த் திரும்பியவர்களிலும் சிலர் அதில் இருந்தார்கள். அதே நாள் மாக்டெபுர்க் போன 303-வது குழு 11 பி-17-களை இழந்தது. அதுவும் இதே வகைத் தாக்குதல்தான்.

வீழ்ந்த ஒவ்வொரு விமானத்துக்கும் காணாமற்போன குழுவினர் அறிக்கை என்ற படிவம் நிரப்பப்பட்டது. கடைசியாகப் பார்த்தவர் யார், எத்தனை பாராசூட் விரிந்தது, என்ன எண்ணுள்ள எஞ்சின், துப்பாக்கி என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு குழு மொத்தமாக விழும்போது பார்த்தவர் என்று யார் மிஞ்சுவார்? திரும்பி வந்த சொற்பப் பேரின் வாயிலிருந்து கிடைத்ததே முதல் தகவல். குடும்பங்களுக்குக் காணவில்லை என்ற தந்தி போனது. பிடிபட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தெரிய வார, மாதக் கணக்கில் ஆனது. இறந்தவர்களின் குடும்பங்களில் பலருக்கு உறுதியான செய்தி போர் முடிந்த பிறகுதான் வந்தது. ஜெர்மனியில் அமெரிக்கர்களுக்கு நிரந்தரக் கல்லறை வைக்கப்படவில்லை. உடல்களைத் தோண்டியெடுத்து பெல்ஜியம், பிரான்ஸ் போன்ற நாடுகளின் அமெரிக்கக் கல்லறைகளுக்கோ, குடும்பம் கேட்டால் சொந்த ஊருக்கோ அனுப்பினார்கள்.

விமானங்கள் விழுந்த பகுதியின் குறுக்கே பிற்பாடு கிழக்கு, மேற்கு ஜெர்மனி எல்லை வந்தது. சில இடங்கள் பல பத்தாண்டு எட்டாமல் போயின. அன்று பன்னிரண்டு வயதில் வானத்தில் நடந்ததைப் பார்த்த உள்ளூர்ச் சிறுவன் ஒருவர் வளர்ந்து, விழுந்த இடங்களைத் தேடி, சாட்சிகளைக் கேட்டு, தப்பியவர்களுக்கும் இருதரப்பு விமானிகளுக்கும் கடிதம் எழுதி, முழுப் படத்தையும் சேர்த்தார். அவர் உழைப்பும் அமெரிக்கத் தரப்பில் தப்பியவர்களின் உழைப்பும் சேர்ந்து, 1990 ஆகஸ்ட் 1 அன்று பாட் ஹெர்ஸ்ஃபெல்ட் அருகே ஃப்ரீட்லோஸ் காட்டில் நினைவுக் கற்கள் வைக்கப்பட்டன. அமெரிக்கர், ஜெர்மானியர் இருவர் பெயரும் அங்கே உள்ளன.

எது வேறாக இருந்திருக்க வேண்டும்

சேர்ந்திரு என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற நூறு பயணங்களில் உயிர் காத்த விதி அது. குறை வேறு இடத்தில். தலைமை தவறினால் பொறுப்பை ஏற்க, அணியில் துணைத் தலைமை விமானம் என்று ஒன்று எப்போதும் உண்டு. தலைமை சுட்டு வீழ்த்தப்பட்டால் அது முன்னே வரும். ஆனால் தலைமை உயிரோடு இருந்து தவறாகப் பறந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் காலை எந்தப் பதிலும் வேலை செய்யவில்லை. இத்தனை நேவிகேட்டர்கள் ஒரே நேரத்தில் தவறு என்கிறார்கள் என்றால், முன்னணி நேவிகேட்டர் தன் கணக்கை உடனே சரிபார்க்கும் கட்டாயம் இருந்திருக்க வேண்டும். அது முடியாவிட்டால் துணைத் தலைமை முன்னே வந்து முழு அணியையும் சேர்த்தே திருப்ப வேண்டும். அப்படிச் செய்தால் அணியும் உடையாது, பாதையும் திருந்தும்.

இலக்கைத் தவறவிட்ட பின் திரும்பும் பாதைக்கும் தனி ஏற்பாடு வேண்டும். வரைபடத்தில் போட்ட கோடு, இலக்கிலிருந்து கிளம்புபவர்களுக்காகப் போட்டது. வேறெங்கோ இருக்கும் குழு அந்தக் கோட்டின் வடிவத்தைப் பின்பற்றுவதில் பொருளில்லை. அவர்கள் செய்ய வேண்டியது படையோடு சேருவது, இல்லையேல் காவல் விமானங்களுக்குத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்வது. ரேடியோ மௌனத்தை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். முன்னணியோடு பேசிய நேரத்தில் காவலுக்கும் ஒரு வார்த்தை போயிருந்தால், 361-வது குழு சண்டை தொடங்கிய பிறகு வராமல் முன்பே வந்திருக்கும். கோட்டிங்கனுக்கும் ஐசனாக்குக்கும் இடைப்பட்ட நேரம் அதற்குப் போதும்.